நாலு சங்கிலி தூரம்

"இன்னும் ஒரு சங்கிலி தள்ளிப் போடப்பா. சேரிக்காரங்க நிக்கிற புளியமரத்துலயிருந்து அம்மன் முகத்துக்குச் சரியா நாலு சங்கிலி. கர்ணத்தை உட்டு அளந்து வெச்சிருக்கறேன்," என்றார் பெரியப்பா.

மில்லுக்குப் பின்புறம், பொழுது சாய்கிற நேரம். அறுபத்தாறு அடி நீளமுள்ள சர்வே சங்கிலியை நாலு தரம் இழுத்துப் போட்டு, அது முடிந்த இடத்தில் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான் வாட்ச்மேன் அழகிரிசாமி. இந்தப் பக்கம், பாட்டரி லைட் ரிப்பேர் செய்யும் உமர் பாரூக், வெளிச்சம் அந்த வேட்டியில் குவியும்படி, ஐந்து செல் லைட்டின் தலையை ஒரு நெல்லளவு திருகுவதும், பல்பைத் துளி உள்ளே தள்ளுவதுமாக இருந்தார்.

விஷயம் இதுதான். என் பெரியப்பா சுந்தரராஜுலு மில் முதலாளி. மாகாளியம்மன் கோயிலுக்கு தர்மகர்த்தாவும் அவரே. சேரி ஜனங்களைக் கோயிலுக்குள் விடச் சொல்லிப் பட்டணத்துச் சேவா சங்கத்தார் எழுதிக்கொண்டே இருந்தார்கள். விடாமலே விட்டதாகப் பெயர் வாங்கப் பெரியப்பா கண்டுபிடித்த வழி இந்த லைட். பண்டிகையன்று அதை அவர்களுக்கே தானமாகக் கொடுத்துவிடுவது. அவர்கள் புளியமரத்தடியை விட்டு நகராமல் அம்மன் முகத்தில் லைட் அடித்துத் தரிசனம் பண்ணிக்கொள்வது.

"உள்ளே வந்து பார்த்தால் லைட்டே வேண்டாமே, பெரியப்பா," என்றேன்.

"நீ பி.ஏ. படிக்கிறவ, கண்ணு. இதெல்லாம் உனக்குப் புரியாது."

"புரியாமல் என்ன? வெளிச்சம் உள்ளே போகலாம், ஆள் போகக் கூடாது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். புரிஞ்சுபோச்சு பாத்தியா," என்று சிரித்தார். அவரைக் கேலி செய்வது கூட வீண்.

தூரத்து வேட்டியில் வெளிச்சம் வண்டிச் சக்கர அளவுக்கு வட்டமாக விழுந்தது.

"இதேதான். தலை திரும்பாம ஈயம் வெச்சுப் பத்தவெச்சுருங்க, பாய். அவிங்க கையில குடுத்தா திருகித் திருகிக் கெடுத்துப்போடுவாங்க."

"கடைக்குக் கொண்டுபோயி பத்தவெச்சு, பண்டிகைக்குக் கொண்டாரனுங்க மொதலாளி."

பெரியப்பா நகர்ந்ததும் நான் பாரூக்கைப் பிடித்துக்கொண்டேன். "இந்த வேலைக்கு ஒத்துக்கொள்ள வெட்கமாயில்லையா, பாய்?"

"தூரம் இத்தனைன்னு சொன்னா, அதுக்கு லைட்டை வெக்கிறதுதானுங்க அம்மணி என் தொழிலு."

"யாரைத் தூரத்தில் நிறுத்த என்று கேட்பது உங்கள் தொழிலில்லை. அப்படித்தானே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு லைட்டைத் துணியில் சுற்றினார். முதுகெலும்பில்லாத மனுஷர் என்று தீர்மானித்துவிட்டேன். தீர்மானம் பண்ணுவதில் எனக்கு ஒருபோதும் தாமதமில்லை.

பண்டிகையன்று சாயங்காலம் சேவா சங்கத்துக்காரர் ஒருவர் வந்தார்; கூடவே பத்திரிகை நிருபர், போட்டோக்காரர். பெரியப்பா லைட்டை ஒரு சாண் உயரத்திலிருந்து, சேரித் தலைவர் பங்காரு ஏந்திய கைகளில் போட்டார். போட்டோவில் கொடுத்த மாதிரிதான் விழுந்திருக்கும்.

இருட்டியதும், பங்காரு புளியமரத்தடியில் நின்று பொத்தானைத் தள்ளினார். வெளிச்சம் பாதி வழியிலேயே பரந்து கரைந்தது. கர்ப்பக்கிருகம் இருட்டாகவே இருந்தது.

"ஒண்ணும் தெரியலீங்க சாமி."

தலையைத் திருகிப் பார்த்தார். ஈயம் அசையவில்லை.

"லைட்டைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய் அடிக்கட்டுமே," என்றார் சங்கத்துக்காரர்.

பெரியப்பா கண்ணைக் காட்டினார். அழகிரிசாமி வாங்கப் போய், பாதியில் கையை இழுத்துக்கொண்டான். பங்காரு தொட்டதாயிற்றே. அவன் பெரியப்பாவைப் பார்த்தான். பெரியப்பா பூசாரியைப் பார்த்தார். பூசாரி புளியமரத்தின் உச்சியைப் பார்த்தார்.

"ஏன், பங்காருவே கொண்டுவரட்டுமே?" என்றார் சங்கத்துக்காரர். நிருபர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"வா... வாப்பா," என்றார் பெரியப்பா.

பத்தடி. "தெரியலீங்க." இன்னும் பத்தடி. "தெரியலீங்க." பங்காருவின் பின்னால் அவர் பெண்டாட்டி, பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் சேரி முழுவதும். இப்படியே நகர்ந்து நகர்ந்து கோயில் வாசற்படிக்கு வந்த பிறகுதான் அம்மனின் மூக்குத்தி மின்னியது.

பங்காருவின் பெண்டாட்டி படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தடுக்க வாயெடுத்த பெரியப்பா, நிருபரின் பென்சிலைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் அந்தப் படியை இருபத்தொரு குடம் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். மூன்றாம் நாள் பத்திரிகையில் 'தர்மகர்த்தாவின் தாராள மனம்' என்று வந்தது. அதைச் சட்டம் போடக் கத்தரித்துக்கொண்டே பெரியப்பா பாரூக்கை வைதார்.

"நாலு சங்கிலிக்கு வெக்கத் தெரியாதவன் எதுக்கப்பா கடை வெச்சிருக்கறே? இனி மில் வாசல்ல காலை வெக்காதே."

"தப்புத்தானுங்க மொதலாளி," என்று சலாம் வைத்துவிட்டு பாரூக் வெளியே வந்தார். அவர் வீட்டில் பாதிச் சோறு மில் வேலையால் வருவது.

கேட் வரைக்கும் கூடவே போனேன். கேலி செய்யாமல் இருக்க முடியவில்லை.

"நல்லவேளை, பாய், உங்களுக்குத் தொழில் தெரியவில்லை. அந்தப் புண்ணியத்தில் அவர்கள் படி வரைக்கும் வந்தார்கள்."

பாரூக் சைக்கிளை நிமிர்த்தினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவிங்க கையில குடுத்த லைட்டை இவிங்க திரும்ப வாங்கமாட்டாங்கன்னு தெரியுமுங்க அம்மணி. புளியமரத்துலயிருந்து வாசப்படி மூணு சங்கிலி. நானே போயி ரெண்டு தரம் அளந்தேன். மீதி இருந்த ஒரு சங்கிலிக்குத்தானுங்க ஈயம் வெச்சேன்."