நான்காவது புட்டி

மெத்தோதிக்கு முன்னால் இன்னும் ஐந்து பேர் நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஊற்றடி இப்படித்தான். ஆளுக்கு நாலு கேன், கூடவே ஒரு வாரத்துக் கதை. மெத்தோதியிடம் ஐந்து லிட்டர் கேன் இரண்டு. கோட்டுப் பையில், வெள்ளிக்கிழமையிலிருந்து வெளியே எடுக்க மறந்த ஒரு காலிக் கண்ணாடிப் புட்டி.

வெள்ளிக்கிழமை டாக்டர் கரைவனோவா, தலைநகர் சோபியாவின் ஆய்வகத்திலிருந்து வந்த அறிக்கையை இரண்டு தரம் படித்தார்.

"இது பழைய கிருமி இல்லங்க. புதுசா வந்து குடியேறியிருக்கு. இதுவரைக்கும் குடுத்த மருந்துக்கு இது அசையாது."

மனைவி நெவேனாவின் நுரையீரலில் இருந்தது காசநோய் அல்ல, அதன் பங்காளி. ஆளுக்கு ஆள் ஒட்டாது. தண்ணீரில் கிடக்கும், மண்ணில் கிடக்கும். வெதுவெதுப்பு என்றால் அதற்குக் கொண்டாட்டம் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

பதினாறு மாதமாக மூன்று வகை மாத்திரை. காலையில் முகமூடி மாட்டி, மெஷின் வழியாக மூச்சில் இழுக்கும் மருந்து ஒன்று. சிறுநீர் ஆரஞ்சு நிறமானது. குரல் கட்டிப்போய், அவள் அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் கேட்காது.

ஆனாலும் எட்டு மாதம் சளி சுத்தம். இன்னும் நாலு மாதம் தாண்டினால் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கலாம்.

ஒன்பதாம் மாதம் மறுபடி முளைத்துவிட்டது.

இனி நரம்பில் ஏற்றும் மருந்துதான். நாற்பத்தொரு கிலோ உடம்பு தாங்குமா என்பதை டாக்டர் சொல்லவில்லை. மெத்தோதியும் கேட்கவில்லை.

எங்கிருந்து வந்தது என்றுதான் இருவருக்கும் புரியவில்லை.

வீட்டுத் தண்ணீரைப் பரிசோதிக்க டாக்டர் போன மாதம் நான்கு புட்டி கொடுத்திருந்தார். மெத்தோதி மூன்றை நிரப்பி, தேதி, மணி, எடுத்த இடம் எழுதிக் கொடுத்தார். சமையலறை. கைகழுவும் தொட்டி. ஷவர். நான்காவது குழாய் வீட்டில் இல்லை; மிஞ்சிய புட்டியைத் திருப்பிக் கொடுக்கத்தான் வெள்ளிக்கிழமை பையில் போட்டிருந்தார்.

மூன்றிலும் கிருமி இல்லை.

இருக்காதுதான். ஷவர் தலையை மாற்றினார். கொதிகலனின் சூட்டைக் கூட்டி வைத்தார். மண் ஆகாது என்று பூந்தொட்டிகளை மேல்வீட்டு வாஸ்காவுக்குக் கொடுத்தார். வரிசையில் நின்றபடி மறுபடி முதலிலிருந்து எண்ணிப் பார்த்தார். எதையும் விடவில்லை.

வாஸ்கா அவருக்குப் பின்னால்தான் நின்றாள்.

"உன் பெண்டாட்டியோட ஜெரேனியம் என் வீட்டுல கொத்துக்கொத்தா பூத்திருக்கு. இன்னும் அவளத்தான் நீ வெளிய அனுப்பல."

நாலு பேர் சிரித்தார்கள். மெத்தோதியும் சிரித்துவைத்தார்.

அவர் முறை வந்தது. கல்லில் குடைந்த வாயிலிருந்து ஆவி பறக்க விழும் தண்ணீருக்கு அடியில் முதல் கேனை வைத்தார்.

"ஒரு நோயாளிக்கு வாரத்துக்குப் பத்து லிட்டரா? குடிக்கிறாளா குளிக்கிறாளா?" என்றாள் வாஸ்கா.

"ஒண்ணு குடிக்க. இன்னொண்ணு முகமூடியும் மருந்துக் கிண்ணமும் கழுவ. அதுல குழாய்த் தண்ணி படவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

"காய்ச்சிடாத. சத்து போயிடும்."

"ஒரு நாள்கூடக் காய்ச்சினதில்ல."

உண்மைதான். தினமும் காலையில் அவள் மருந்தை இழுத்து முடித்ததும், அவளை எழவிடாமல், அவரே இரண்டு தரம் அலசித் துடைத்து வைப்பார்.

கேன் நிரம்பியது. வழக்கம்போல் மார்போடு அணைத்துத் தூக்கினார். சட்டையைத் தாண்டி நெஞ்சில் வெதுவெதுவென்று பட்டது.

மெத்தோதி அப்படியே நின்றார்.

"கனமா இருக்கா? கீழ வை."

கீழே வைத்தார். இரண்டாவது கேனை எடுக்கவில்லை. பைக்குள் கைவிட்டு அந்தப் புட்டியை எடுத்து, திறந்து, விளிம்பு வரை பிடித்து மூடினார்.

"அடேயப்பா. இது யாருக்கு, பூனைக்கா?"

மெத்தோதி ஓரமாகப் போய், கல்மேடையில் புட்டியை வைத்துப் பேனாவைத் திறந்தார். தேதி எழுதினார். மணி பார்த்து எழுதினார்.

எடுத்த இடம் என்பதற்கு எதிரே, பரீட்சையில் பக்கத்துப் பையன் பார்த்துவிடாமல் எழுதுகிறவனைப் போல, இடது கையை வளைத்து மறைத்துக்கொண்டு எழுதினார்.