உரிந்த இடம்

எஃகு வில்லைகளை மெருகேற்றியே பவுனம்மாளின் கட்டைவிரல் தேய்ந்திருந்தது; குறுக்கே ஒரு வெட்டுத் தழும்புதான் மிச்சம். ரேகையே இல்லையென்று ரேஷன் கடை மெஷின் மூன்று மாதமாக அவளைத் திருப்பி அனுப்பியது. அவள் தேய்க்கும் வில்லைகள்மேல், காற்றில்லாத பெட்டிக்குள் கரியைப் படியவைப்பார்கள். முடியைவிட மெல்லிய கறுப்புப் படலம், வைரம்போல் இறுகும். முன்னதாக வெறுங்கை பட்டிருந்தால் அந்த இடம் மட்டும் உரிந்துவிடும். போன வாரம் அதற்காக ஒருத்தியை வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

“கிளவுஸ் போடாம தொட்டது யாரு?” சூப்பர்வைசர் இன்பராஜ் ஒரு வில்லையை நீட்டினார். கறுப்பு உரிந்த இடத்தில் சுழிசுழியாக ஒரு கட்டைவிரல், குறுக்கே வெட்டுத் தழும்பு.

எல்லோரும் தலைகுனிய, பவுனம்மாள் பாய்ந்து வந்தாள்.

“என்னுதுதான் சார்! இருக்கு பாருங்க!” முகமெல்லாம் சிரிப்பு. “ஒரு நாளைக்கு இதைக் குடுங்க சார், ரேஷன் கடையில காட்டிட்டு வந்துடறேன்.”