கல் அழகியின் கன்னம்

"தொடுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்றாள், அருங்காட்சியகத்தின் புது அறையில் அவருக்கு வி.ஆர். கண்ணாடியும் கையுறையும் மாட்டிவிட்ட பெண்.

கண்ணெதிரே கல் அழகி நின்றாள், பெரிய கூடத்துச் சிலை அப்படியே. தொட்டால் கல்லின் குளிர்ச்சிகூட விரலில் தெரியுமாம். அவர் நீட்டிய கை, அடுப்பில் பட்டதுபோலத் திரும்பியது. இது ஏழாவது தடவை.

"இவளைப் பத்திப் பேசாம இந்த மனுஷனுக்கு ஒரு வாய் சோறு இறங்கினதில்ல" என்றாள் மனைவி. "இப்ப என்னங்க வெக்கம்? நான் வேணா திரும்பி நிக்கட்டுமா?"

"சும்மா இருடி, கை நடுங்குது."

"என் கையைப் பிடிச்சப்ப நடுங்கலையே."

"அது சட்டுனு நடந்துபோச்சு. இது முப்பத்தஞ்சு வருஷ ஆசை."

மூச்சைப் பிடித்துக்கொண்டு கன்னத்தில் உள்ளங்கையை வைத்தார். ஜில்லென்று உச்சி வரை ஏறியது.

"ஏய், கையை எடு! எட்டிப் போ!"

காதுக்குள் இடி. அவர் துள்ளிய துள்ளலில் பூமியே இரண்டு அங்குலம் இறங்கியிருக்கும்.

"பயந்துட்டீங்களா சார்? தத்ரூபமா இருக்கட்டும்னு போன வருஷம் சிலை இருக்கிற கூடத்துச் சத்தத்தையும் பதிவு பண்ணோம். யாரோ ஒரு வாச்மேன் ஓயாம கத்திட்டே இருந்தாரு. அந்தக் குரலை அழிக்கவே முடியல."

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்க வீட்லயும் அதே குரல்தாம்மா. என்னாலயும் முடியல."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். மறுபடி கன்னத்தில் கை. மறுபடி அதே கத்தல்.

"போடா" என்றார் தன் குரலிடம். "நான் ரிட்டையர் ஆயிட்டேன்."