அளவெடுத்துத் தைத்த கோட்டு

மசாக்கா நகரின் மலைச்சரிவில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் இன்று பெற்றோர் வந்து பார்க்கும் ஞாயிறு. மழை விட்ட புல்தரையெங்கும் பாய்கள், பிரித்த வாழையிலைப் பொதிகளிலிருந்து எழும் ஆவி. கிசாக்யே ஊர் வழக்கப்படி அம்மாவின் முன் முழந்தாளிட்டு வணக்கம் சொல்கிறாள். சொல்லி முடித்தும் எழவில்லை. "எந்திரிடி, முட்டியெல்லாம் ஈரமாகுது." தலை நிமிரவில்லை. வேதியியல் தேர்வில் தரம் ஒரு படி குறைந்ததில் உயிரியல் பிரிவு கைநழுவிப் போய், வரலாறும் புவியியலும் இறையியலும் அவள் தலையில் விழுந்து ஒரு பருவம் ஓடிவிட்டது. வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை. பக்கத்துப் பாயிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்க்கிறாள். "இவதானா உங்க டாக்டரம்மா? என் இடுப்புவலிக்கு இப்பவே சொல்லி வைக்கணும்!" அம்மாவும் சேர்ந்து சிரித்துக்கொண்டே பைக்குள் கைவிட்டு ஒரு வெள்ளைக் கோட்டை எடுத்து உதறுகிறாள். ஆய்வுக்கூடத்துக்குப் போடுகிற கோட்டு. நெஞ்சுப் பையில் நீல நூலால் மகளின் பெயர். கிசாக்யே கைகளை நுழைக்கிறாள். வாழைக்காய்க் கறை ஏறிய அம்மாவின் விரல்கள் கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டு மேலே வருகின்றன.

"அம்மா, நான் வந்து..."

"தெரியும்டி. உங்க வாத்தியார் போன வாரமே போன்ல சொல்லிட்டார்."

"அப்புறம் எதுக்கும்மா இதக் கொண்டாந்தே?"

"அதுக்கு முன்னாடியே தச்சு வாங்கிட்டேனே." அம்மா கழுத்துப் பொத்தானையும் போட்டுவிடுகிறாள். "ஒரே ஒரு தடவ எந்திரிச்சு நில்லு. பாத்துக்கறேன்."

கிசாக்யே எழுந்து நிற்கிறாள். தோளிலோ கையிலோ ஒரு சுருக்கம் இல்லை. கோட்டு அவளுக்கு அத்தனை கச்சிதமாகப் பொருந்துகிறது.