இருக்கிறேன்

ஒன்பது செல்போன்களில் ஒரே சார் ஒன்பது சட்டை போட்டுக்கொண்டு வெப்பவியல் நடத்திக்கொண்டிருந்தார்.

விடுதி அறையின் கீழ்க்கட்டிலில், தலையணையில் சாய்த்து அவற்றை வரிசையாக நிறுத்தியிருந்தான் கண்டக்டர். ஒன்று அவனுடையது. மற்ற எட்டின் சொந்தக்காரர்களில் ஏழு பேர் மைதானத்தில் இருந்தார்கள். ஒருவன் மேல்கட்டிலில் படுத்திருந்தான்.

வகுப்பே அவ்வளவுதான். முழு வகுப்பையும் ஒரே ஆளாக ஏற்றிக்கொண்டு போவதால் அவனுக்குக் கண்டக்டர் என்று பெயர்.

பாடங்களை அவரவர் வேகத்தில் படிக்கலாம் என்று கல்லூரி சொல்லியிருந்தது. தங்கள் வேகம் என்னவென்று தெரிந்ததும் எல்லோரும் போனை அவனிடம் கொடுத்துவிட்டார்கள்.

பெரிய வேலை இல்லை. பாடம் ஓடும்போது திடீரென்று ஒரு கட்டம் வரும். 'நீங்கள் இருக்கிறீர்களா?' கீழே பச்சையாக ஒரு பொத்தான். 'இருக்கிறேன்.'

அமுக்காவிட்டால் வருகை போய்விடும். சத்தத்தை அணைத்தாலும் போய்விடும். ஆகவே ஒன்பது சார்களும் சேர்ந்தே பேசினார்கள். ஒருவர் கேட்ட கேள்விக்கு இன்னொருவர் பதில் சொன்னார். மூன்றாமவர் இருமினார்.

அந்த இருமல் எப்போது வரும் என்று கண்டக்டருக்கு முன்னாலேயே தெரியும். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது என்று நண்பர்கள் நினைத்தார்கள்.

கூலியாக அவன் துணியை மற்றவர்கள் துவைத்தார்கள். பருவம் முழுக்க விடுதியிலேயே வெளுப்பான சட்டை அவனுடையதுதான்.

வகுப்பறை என்று ஒன்று இருந்தது. அதில் இப்போது உடைந்த பெஞ்சுகளை அடுக்கியிருக்கிறார்கள். சார் தன் ஊரில், தன் வீட்டு அறையில் உட்கார்ந்து நடத்தினார்.

அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு காலண்டர். இடுப்பு உயரத்தில் தொங்கும். மூளையுள்ள எவனும் அங்கே காலண்டர் மாட்டமாட்டான். வெப்பவியலில் இவர்கள் ஆழ்ந்து விவாதித்த ஒரே விஷயம் அதுதான். கண்டக்டர் மட்டும் கருத்துச் சொன்னதில்லை.

"சுவத்துல ஓட்டைடா. உள்ள வந்த வெப்பமெல்லாம் அது வழியாதான் வெளிய போகுது," என்றான் மேல்கட்டில்காரன். சாரின் குரலிலேயே சொன்னான். அவனுக்கு மிமிக்ரி வரும்.

திடீரென்று ஒன்பது சட்டைகளும் ஒரே சட்டையாயின.

சந்தேக நேரம். பருவத்தின் கடைசி நாளில் சார் நேரலையில் வருவார் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. யாருக்கும் சந்தேகம் இல்லையென்றால் பாடம் தெளிவாக இருக்கிறது. பாடம் தெளிவாக இருந்தால் அடுத்த ஆண்டுக்கும் இந்தப் பதிவுகளே போதும். பதிவுகள் போதுமென்றால் சார் வேண்டாம்.

அந்தக் கல்லூரி அனுப்பிய சுற்றறிக்கைகளிலேயே பிசிறில்லாமல் எழுதப்பட்டது அது ஒன்றுதான்.

சார் புதுச்சட்டை போட்டிருந்தார். தலையை நனைத்துப் படிய வாரியிருந்தார்.

"இது பதிவு இல்லப்பா. நான் இப்ப நிஜமாவே இருக்கேன். யாராச்சும் எதாச்சும் கேளுங்க."

ஒன்பது போன்களும் அதை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி முடித்தன.

பிறகு சார் காத்திருந்தார்.

கண்டக்டரின் கட்டைவிரல் பச்சைப் பொத்தானைத் தேடியது. காணோம். மனிதர் கேட்டால் அது வராது போலிருக்கிறது.

மைக்கைத் திறந்து பேசலாம். ஆனால் ஒன்றில் திறந்தால் மற்ற எட்டின் சத்தமும் உள்ளே போகும். சார் தன் குரலையே எட்டு முறை கேட்பார். மொத்த வகுப்பும் ஒரே தலையணையில் சாய்ந்திருப்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

எழுதிக் கேட்கலாம். தன் போனைக் கையில் எடுத்தான்.

என்ன கேட்பது? சந்தேகம் வருவதற்கும் கொஞ்சம் பாடம் தெரிந்திருக்கவேண்டும். எல்லோருக்குமான பாடமும் சேர்ந்து இந்தப் பருவம் முழுக்க அவன் காதில்தான் விழுந்தது. உள்ளே ஒரு வரியும் தங்கவில்லை.

மேல்கட்டிலிலிருந்து தலை எட்டிப் பார்த்தது. "என்னடா, மனுஷன் அப்படியே உறைஞ்சுட்டாரு? நெட்டு போச்சா?"

நெட் நன்றாகத்தான் இருந்தது. மின்விசிறிக் காற்றில் காலண்டர் ஒருமுறை எழும்பி அடங்கியது. பின்னால், சுவரில், பந்து பட்ட மாதிரி ஒரு பள்ளம்.

மேலே இருந்தவன் அதற்குள் தலையை இழுத்துக்கொண்டுவிட்டான். கண்டக்டருக்குப் பார்க்கத் தேவையில்லை.

'சார்' என்று எழுதினான். அந்தச் சொல்லைக் கொஞ்சநேரம் பார்த்தான். அழித்தான். மறுபடியும் எழுதினான். 'சார், வெப்பம் ஏன்' என்பது வரைக்கும் போய் நின்றது.

சார் கழுத்தை நீட்டிக் கேமராவுக்குள் எட்டிப் பார்த்தார், கடைசி பெஞ்சில் யாரையோ தேடுகிற மாதிரி.

"சரிப்பா. நல்லாப் படிங்க," என்றார். ஒன்பது முறை.

எல்லாத் திரைகளிலும் ஒரே எழுத்து. 'அமர்வு முடிந்தது. சந்தேகம்: இல்லை. வருகை: முழுமை.'

"சரிப்பா, நல்லாப் படிங்க," என்று மேல்கட்டிலிலிருந்து பத்தாவது முறையாக வந்தது. அச்சு அசல் அதே குரல். கண்டக்டர் சிரித்தான். சிரிக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. அந்த எழுத்தை மறைத்துக்கொண்டு 'அம்மா' என்று வந்தது.

"உங்கப்பா நாற்காலியை விட்டு எழுந்திரிக்கவே மாட்டேங்கிறாருடா. சாப்பிடக் கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டேங்கிறாரு. கிளாஸுக்கு யாராச்சும் வந்தாங்களா இல்லையா?"

கண்டக்டர் தலையணையைப் பார்த்தான்.

"எல்லாரும் வந்திருந்தாங்கம்மா."

"நீ இருந்தியாடா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் கட்டைவிரல் காற்றில் எதையோ அமுக்கியது.