நிறையாத பஃபர்

பூங்கோதையின் கைபேசியில், சி என்னும் கணினி மொழியில் எழுதிய ஒரு நிரலுக்குள் மூன்று பேர் வரிசையாக வேலை பார்த்தார்கள். இரைச்சல்நீக்கி, வரும் குரலைச் சுத்தம் செய்யும். பஃபர் அதை வாங்கிச் சேர்த்து, தன் வயிறு நிறைந்த பிறகே அடுத்தவரிடம் கொடுக்கும். ஒலிகூட்டி சத்தத்தை ஏற்றி ஸ்பீக்கருக்கு அனுப்பும்.

ஒருநாள் மருத்துவமனையிலிருந்து பூங்கோதைக்கு அவள் தம்பியின் குரல்செய்தி வந்தது.

"அக்கா, அப்பாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சுது. ஆனா..."

அதோடு சத்தம் நின்றுவிட்டது. பூங்கோதை நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"மிச்சம் எங்கேப்பா?" என்று பதறியது ஒலிகூட்டி.

"என்கிட்டதான் இருக்கு. கால்வாசிதான் சேர்ந்திருக்கு, நிறையட்டும், தர்றேன்" என்றது பஃபர்.

"இனிமே எதுவும் வராது. செய்தி முடிஞ்சாச்சு" என்றது இரைச்சல்நீக்கி.

"அரைகுறையா கொடுத்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"நிரலே நிக்கப்போகுது. உன்னோட சேர்ந்து அந்தப் பேச்சும் அழிஞ்சிடும்! மீதி இடத்தை மௌனத்தால நிரப்பிக் கொடுத்துடு" என்றது இரைச்சல்நீக்கி.

பஃபர் கூச்சத்தோடு அப்படியே கொடுத்தது.

"...இப்பவே காபி வேணும்னு ஒரே அடம் பிடிக்கிறாருக்கா!"

பூங்கோதை அழுதுகொண்டே சிரித்தாள். பின்னால் வந்த மௌனத்தை அவள் கவனிக்கவே இல்லை.