சுற்றி வளைத்த சேதி

"இதுக்கு மேல மெதுவாப் போனா, நண்டு நம்மள முந்திட்டுப் போயிடும்ங்க" என்றாள் டீச்சர்.

"காலையில இருந்து குமட்டுதுன்னு சொன்னியே. அதான் உருட்டிக்கிட்டே போறேன்" என்றான் மாஸ்டர்.

அவள் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். அவன் நீச்சல் குளத்தில் மாஸ்டர். கல்யாணம் ஆன புதிதில் கேலிக்காக வைத்துக்கொண்ட பெயர்கள், அப்படியே ஒட்டிக்கொண்டன.

வாடகைக் கார் மலைக்கும் கடலுக்கும் நடுவே வளைந்து வளைந்து போனது. கீழே தண்ணீர் நீலமாகவும் பச்சையாகவும் மாறி மாறித் தெரிந்தது. ஒவ்வொரு கரையிலும் மாஸ்டர் காரை நிறுத்துவான், இறங்கிப் போய்க் கடலை உற்றுப் பார்ப்பான், "இங்க வேண்டாம், அலை ஜாஸ்தி" என்று திரும்பி வந்து வண்டியை எடுப்பான். நின்று ரசிப்பதற்கு அலை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று டீச்சருக்குத் தோன்றியது. கேட்கவில்லை. அவள் கவலை வேறு.

வயிற்றில் பிள்ளை என்பது உறுதியான அன்றே அவனிடம் சேதியைச் சொல்லிவிட்டாள். பாத்திரம் கழுவிக்கொண்டே, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, தன் பிறந்த வீட்டு வழக்கப்படி ரெண்டே வார்த்தையில் சொன்னாள். எதையும் போட்டு உடைப்பது அவளுக்கு வராது. வீட்டில் சர்க்கரை தீர்ந்துபோனால்கூட 'இல்லை' என்று சொல்லாமல் 'நிறைஞ்சிருக்கு' என்பாள். அவனும் அதை நம்பி, கடைக்குப் போயும் சர்க்கரை வாங்காமல் வந்து நிற்பான்.

அன்றைக்கு அவன் ஒரு நிமிஷம் ஆடிப்போய் நின்றான். பிறகு அவள் தோளைத் தட்டி, "இதை ஏன் இத்தனை நாளாச் சொல்லல? கவலையை விடு. லீவு போடு, கடலோரமா ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்" என்றான். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று டீச்சர் பூரித்துப்போனாள்.

ஆனால் அதோடு சரி. வழிநெடுகப் பாறை, படகு, கலங்கரை விளக்கம் என்று பேசுகிறானே தவிர, பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்ன பெயர் வைக்கலாம், யார் ஜாடையில் இருக்கும், எதுவுமே கேட்கவில்லை. இவனுக்கு இந்தப் பிள்ளை வேண்டுமா, வேண்டாமா? குமட்டலைவிட இந்தக் கேள்விதான் அவளை அதிகமாகப் படுத்தியது.

"எனக்குக் கொஞ்சம் பயமா இருக்குங்க" என்று தூண்டில் போட்டுப் பார்த்தாள்.

"முதல் தடவை எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். மூச்சை நல்லா இழுத்துப் பிடிக்கணும், அப்புறம் மெதுவா விடணும். விஷயமே அவ்வளவுதான்."

"நீங்க பக்கத்துல இருப்பீங்கல்ல?"

"பின்ன? பிடிச்ச கையை விடவே மாட்டேன்."

டீச்சருக்குத் தெம்பு வந்தது. குமட்டலுக்காகக் கையில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை ஒருமுறை மோந்துகொண்டு, "அத்தைகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"அம்மாகிட்டயா? வேற வினையே வேண்டாம். கல்யாணமாகி ரெண்டு வருஷமா என்னடா பண்ணிக்கிட்டிருந்தேன்னு கேட்டு மானத்தை வாங்கிடுவாங்க."

"இதுல மானம் போறதுக்கு என்னங்க இருக்கு?"

"உனக்கென்ன, சொல்லுவே. குளத்துல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சா என்னை ஓட்டியே தள்ளிடுவாங்க. நீ யார்கிட்டயும் வாயைத் திறக்காதே. ஊருக்குத் திரும்புறதுக்குள்ள இதுக்கு ஒரு முடிவு கட்டிடலாம். அதுக்குத்தானே உன்னைக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

முடிவு கட்டுவதா? டீச்சரின் கை தானாக வயிற்றின்மேல் போயிற்று. இவனைப் போய் நல்லவன் என்று நம்பினோமே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடலும் மலையும் கண்ணீரில் ஒன்றாகக் கலங்கின.

அடுத்த வளைவைத் தாண்டியதும் ஒரு சின்னக் கரை. கடல் அங்கே சாப்பிட்டுவிட்டுப் படுத்த பிள்ளைபோல அடங்கிக் கிடந்தது.

"இதுதான் சரியான இடம்" என்று மாஸ்டர் காரை நிறுத்தினான். பின்பக்கம் திறந்து, வாத்துத் தலை வைத்த மஞ்சள் மிதவை ஒன்றை எடுத்துக் காற்றடித்தான். கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, முழங்கால் ஆழத் தண்ணீரில் போய் நின்றான்.

ஈர மணலில் நின்ற டீச்சர் அந்த வாத்தைப் பார்த்தாள். கடைசியாக ஒரு நப்பாசை.

"அது யாருக்குங்க?"

"யாருக்கா? உனக்குத்தான். வா, கையைக் கொடு."

அவ்வளவுதான். அடக்கிவைத்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் வர மாட்டேன். அன்னிக்கு நான் சொன்னதைக் கேட்டு உங்களுக்குத் துளிகூடச் சந்தோஷம் இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க, மாஸ்டர்."

"அதுல சந்தோஷப்பட என்ன இருக்கு?" என்றான் அவன், ஒன்றும் புரியாமல். "நீச்சல் மாஸ்டர் பொண்டாட்டியா இருந்துக்கிட்டு, 'முழுகாம இருக்கேன்'னு நீ சொன்னா எனக்கு எப்படி இருக்கும்? அதான் இன்னிக்கு உன்னை ஒரு முழுக்காவது போட வைக்காம ஊர் திரும்புறதில்லன்னு வந்திருக்கேன்."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுற்றி வளைக்காமல், "நீங்க அப்பா ஆகப் போறீங்க" என்றாள்.

முழங்கால் தண்ணீரில் நின்றிருந்த நீச்சல் மாஸ்டர் தொபுக்கென்று முழுகிப்போனான். வாத்து மட்டும் மிதந்தது.